பெரிய மாப்பிள்ளை பார்த்த ஆயில்

சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று வெளியில் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. எனக்குப் பொறாமை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன மனிதரை மட்டும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. தமிழ்செல்வனும் சொன்னதில்லை. சகலை கவினைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "எனக்கென்னுங்க, அவிய நல்லா இருந்தாச் செரி" என்பான். சொல்லி வாயை மூடுவதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிடும். எரிவது அவனுக்குத் தெரியும். அவன் மனைவி அனுப்பிரியாவுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

தமிழ்செல்வனுக்கு முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக் வேலை. லைனில் ஒரு மெஷின் நின்றால் போதும், "மெக்கானிக்கண்ணா" என்று நாலா பக்கமிருந்தும் குரல் வரும். பீகார் பையன்கள் "பையா, பையா" என்பார்கள். ஊசி ஒடிந்தாலும் அவன்தான், தையல் விட்டாலும் அவன்தான். ஓவர்லாக் மெஷினில் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கும். எண்ணெய் மட்டம் அதில் இரண்டு கோட்டுக்கு நடுவே தெரிய வேண்டும். இறங்கினால் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். நடந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்து, எந்த மெஷினுக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்லிவிடுவான். அந்த ஓரக்கண்தான் பின்னால் அவனைக் கவிழ்த்தது. அதற்கு வருவோம்.

கல்யாணத்தின்போது அவனிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பனியன் நகரத்து ராயபுரத்தில் வாடகை வீடு, சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்துபோன அப்பா. பெண் வீடோ கொமரலிங்கம். மாமனார் ஆறுச்சாமிக்கு அமராவதித் தண்ணீர் பாயும் வயலும் தென்னந்தோப்பும் உண்டு. ஜாதகம் அப்படியொரு பொருத்தம் என்று மூத்த பெண்ணைக் கொடுத்தார்கள். கூடவே மாப்பிள்ளைக்குப் புது வண்டி ஒன்றும் கொடுத்தார்கள். "மாப்ளைக்கு வண்டியாச்சும் வந்துச்சு போ" என்று பந்தியில் யாரோ சொன்னது, பாயசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த அவன் காதில் விழுந்தது. பாயசம் செரித்துவிட்டது. அந்தச் சொல் செரிக்கவில்லை.

மறுவீட்டுக்குப் போனபோதுதான் அந்த வீட்டில் அவனுக்கென்று ஒரு இடம் கிடைத்தது. மாமனாரின் பழைய மோட்டார் சைக்கிள் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உடுமலையில் ஒரு மெக்கானிக் செயின் என்றார், இன்னொருவர் டேப்பெட் என்றார். புது மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, ஆயில் குச்சியைத் திருகி எடுத்துப் பார்த்தான். நுனியில் பொட்டு வைத்த அளவுக்குத்தான் எண்ணெய் ஒட்டியிருந்தது. ஒரு பாட்டில் வாங்கி வந்து அளவாக ஊற்றினான். சத்தம் அடங்கிவிட்டது.

"அட சாமி! இத்தன பேரு பாத்தாங்க, ஒருத்தருக்கும் புடிபடலீங்க மாப்ள" என்றார் ஆறுச்சாமி.

அன்றிலிருந்து அவர் எங்காவது தூரமாகப் போவதென்றால் முதலில் ராயபுரத்துக்கு ஃபோன் வரும். "மாப்ள, எப்பங்க வர்றீங்க? வண்டிய ஒருக்காப் பாத்துரோணும்" என்பார். கம்பெனியில் எத்தனை மெஷின் நின்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை தமிழ்செல்வன் கொமரலிங்கத்தில் இருப்பான். வண்டியைச் சமதளமாகப் பார்த்து நிறுத்தி, டபுள் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைப்பான். மேலே ஏறிய எண்ணெய் வடிந்து இறங்கும்வரை காத்திருப்பான். பிறகு குச்சியை எடுத்து பனியன் வேஸ்ட் துணியில் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே வைத்து, மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பான். ஆறுச்சாமியும் பக்கத்தில் குனிந்து நிற்பார்.

"செரியா இருக்குதுங்களா மாப்ள?"

உடனே பதில் சொல்ல மாட்டான். குச்சியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பான். தோப்பும் வயலுமாக வாழ்கிற மனிதர் தன் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காகக் காத்து நிற்கிறாரே, அந்தச் சுகத்தை அத்தனை சீக்கிரம் முடித்துவிட அவனுக்கு மனம் வராது. "கொஞ்சோண்டு உட்டாப் போதுமுங்க" என்று கடைசியில் சொல்வான். மாமனார் வீட்டில் அவனுக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்தக் குச்சியின் இரண்டு கோட்டுக்கு நடுவில்தான் இருந்தது.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. கீர்த்தனாவுக்குக் கல்யாணமானது. அவள் அனுப்பிரியாவுக்கு ரொம்பவே இளைய தங்கை. அவளைக் கட்டியவன்தான் கவின்.

கவின் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர் பிடித்து முடித்துக் கொடுக்கிற வேலை. வெளிநாட்டு பையர்களோடு ஃபோனில் இங்கிலீஷில் பேசுவான். பேசி முடித்துத் திரும்பி, "ஏனுங்ணா, நல்லா இருக்கறீங்ளா?" என்று கொங்குத் தமிழில் கேட்பான். இரண்டும் அவனுக்கு ஒட்டும். கார் உண்டு. தலை நிறைய முடி உண்டு. திமிர் மட்டும் இல்லை. தமிழ்செல்வனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கொஞ்சம் திமிர் இருந்திருந்தால் அதைச் சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம். குறை சொல்ல இடமே வைக்காத ஆளை என்ன செய்வது? பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பான், "அண்ணா உக்காருங்ணா" என்று நாற்காலியை இழுத்துப் போடுவான். நாற்காலியில் உட்காரும்போது தமிழ்செல்வனுக்கு முள்ளில் உட்கார்வது போலிருக்கும்.

கல்யாணப் பேச்சில், "வண்டியெல்லாம் வேண்டாமுங்க மாமா" என்று கவின் சொல்லிவிட்டான். உறவு முழுக்க அதையே பேசியது. "அந்தக் காலத்துல நானென்ன கேட்டா வாங்குனேன், அவியளாத்தானே குடுத்தாங்க" என்று தமிழ்செல்வன் வீட்டில் தனியாகப் புலம்பினான். "உங்கள ஆரு என்ன சொன்னாங்க இப்ப?" என்றாள் அனுப்பிரியா. யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

வேண்டாம் என்றதோடு விட்டானா அந்தப் பையன்? ஆறுச்சாமிக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது, அவன் மாமனாருக்கே ஒரு புது வண்டி வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான். மாமனார் மாப்பிள்ளைக்கு வண்டி கொடுப்பதை ஊர் கண்டிருக்கிறது. மாப்பிள்ளை மாமனாருக்குக் கொடுத்ததை அன்றுதான் கண்டது. மாமியார் தெய்வாத்தாள் சந்தனம் குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஆறுச்சாமி கழுத்து மாலையோடு ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று போய்விட்டு வந்தார். பழைய வண்டி எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. அதன் ஆயில் குச்சியோடு சேர்த்துத்தான் போனது.

எல்லோரும் வண்டியின் நிறத்தைப் பார்த்தபோது தமிழ்செல்வன் குனிந்து குச்சியைத் தேடினான். இல்லை. வலதுபக்கம் கால் வைக்கும் இடத்துக்கு அருகே எஞ்சினில் ஒரு வட்டக் கண்ணாடி பதித்திருந்தது. டபுள் ஸ்டாண்டும் இல்லை.

"இதுல குச்சி வராதுங்ணா, கண்ணாடியிலதான் பாக்கோணும்" என்று கவின் பக்கத்தில் வந்து குனிந்தான். "அதும் எப்புடின்னா, ஒருத்தரு வண்டிய…"

"தெரியுமுங்க தம்பி" என்று தமிழ்செல்வன் நிமிர்ந்துவிட்டான். "எங்க ஓவர்லாக்ல இல்லாத கண்ணாடியா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. சொல்ல வந்ததைச் சொல்லவிட்டிருந்தால் பாதி வாக்கியம்தான் பாக்கி. வயிறு எரிகிறவனுக்குக் காது கேட்காது.

அதன்பிறகு கொமரலிங்கத்திலிருந்து ஃபோன் வரவில்லை. வந்தது, ஆனால் மகளுக்கு வந்தது. மருந்து, மழை, தேங்காய் விலை எல்லாம் பேசுவார்கள். "வண்டி எப்புடி ஓடுதாம்?" என்று தமிழ்செல்வன் எட்டிக் கேட்பான். "அதுக்கென்னுங்க, கம்பெனி ஆளே ஊட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போயி சர்வீசு பண்ணிக் கொண்டாந்து உட்டர்றாங்களாம். கவின் ஏற்பாடு பண்ணீட்டாரு" என்பாள். அன்றைக்கு இரவுச் சாப்பாடு அவனுக்கு இறங்காது. கையெல்லாம் சும்மா இருக்க மாட்டேனென்று துடிக்கும். தன் வண்டியின் குச்சியை வாரத்துக்கு இருமுறை உருவிப் பார்த்தான். காம்பவுண்டில் குடியிருக்கும் மற்றவர்களின் வண்டியையும் விடவில்லை. "எல்லா வண்டியும் நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் ஆயில் கொறஞ்சு போச்சு" என்றாள் அனுப்பிரியா. அவள் ஊர்க் குசும்பு அவளை விட்டு எங்கே போகும்?

ஆறுச்சாமியின் பங்காளி வீட்டில் நிச்சயதார்த்தம் வந்தது. உடுமலையில் மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்றும்போது பெண்ணுக்குப் பெரியப்பா முறையில் ஆறுச்சாமி முன்னால் நிற்க வேண்டும். புது வண்டியில் தெய்வாத்தாளை உட்காரவைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. தூரப் பயணம். அப்படியும் ஃபோன் வரவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை தமிழ்செல்வன் தானாகவே மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். கிளம்பும்போது ராயபுரம் கடையில் ஒரு எஞ்சின் ஆயில் பாட்டிலை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். நாடி பார்ப்பதற்கு முன்னாலேயே மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற வைத்தியரை எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

"அது எதுக்குங்க?" என்றாள் அனுப்பிரியா.

"இருக்கட்டுமே" என்றான்.

போய்ச் சேர்ந்தபோது மாமனார் மதியத் தூக்கத்தில் இருந்தார். அம்மாவும் மகளும் சமையலறைக்குள் போய்விட்டார்கள். வாசலில் தென்னை நிழலில் புது வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. தமிழ்செல்வன் வலதுபக்கம் போய்க் குந்தி, கண்ணாடியைப் பார்த்தான். காலி! கோடு இருக்கிறது, எண்ணெய் இல்லை. துடைத்துவிட்டுப் பார்த்தான். காலிதான்.

அவனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிள்ளை பிறந்தபோதுகூட இத்தனை வரவில்லை என்றால் தப்பாக நினைக்கக் கூடாது. கம்பெனி ஆள் வருகிறானாம், வண்டியைக் கொண்டு போகிறானாம், சர்வீஸ் பண்ணுகிறானாம்! ஒரு சொட்டு எண்ணெய் பார்த்து ஊற்ற அங்கே ஆளில்லை. கார் வைத்திருந்தால் ஆயிற்றா, இங்கிலீஷ் பேசினால் ஆயிற்றா? கிழவரை வெறும் எஞ்சினில் உடுமலைக்கு அனுப்பப் பார்த்தானே!

பிழை இங்கேதான். ஓவர்லாக் மெஷின் மேசைமேல் மட்டமாக உட்கார்ந்திருக்கும். அது ஒருநாளும் சாயாது. அதன் கண்ணாடியில் எண்ணெய் தெரியவில்லை என்றால் எண்ணெய் இல்லை என்றுதான் அர்த்தம். சைடு ஸ்டாண்டு போட்ட வண்டி இடதுபக்கம் சாய்ந்து நிற்கும். உள்ளே இருக்கிற எண்ணெயும் இடதுபக்கம் ஒதுங்கிவிடும். வலதுபக்கக் கண்ணாடியில் என்ன தெரியும்? பழைய வண்டியை அவன் டபுள் ஸ்டாண்டில் நிறுத்தித்தான் பார்த்திருக்கிறான், சாய்த்துப் பார்த்ததில்லை. இந்த வண்டியை ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும். அனுப்பிரியாவைக் கூப்பிட்டிருந்தால் வந்து பிடித்திருப்பாள். கூப்பிடத் தோன்றவில்லை. யாருக்கும் பங்கு கொடுக்க மனமில்லாமல் தனி ஆளாகவே பார்த்தான்.

மூடியைத் திறந்து ஊற்றினான். கண்ணாடியில் தெரியவில்லை. இன்னும் ஊற்றினான். "எப்புடிக் காயப் போட்டிருக்கறாங்க பாரு" என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே ஊற்றினான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கம்பெனியில் அவனே மற்றவர்களுக்கு அதைச் சொல்வான். பாட்டிலில் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் சாய்ந்த கண்ணாடியின் கீழ்க்கோட்டில் எண்ணெய் எட்டிப் பார்த்தது. மூடியைத் திருகிவிட்டு, சிந்தியதைப் பையிலிருந்த பனியன் வேஸ்டால் துடைத்தான். பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை ஓடும் துணி. அவன் கம்பெனியில் அந்த மாதம் ஓடிக்கொண்டிருந்த ஆர்டரின் கட்டிங் கழிவு.

மாமனார் எழுந்து வந்ததும் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்திருந்தான். "ஏனுங்க மாமா, வண்டிய ஆருங்க பாக்கறாங்க இப்ப?" என்று தொடங்கி, படிப்படியாக ஏறிப் போக வேண்டும். ஆறுச்சாமி முகம் கழுவிக்கொண்டு வந்தவர், வண்டிப் பக்கம் அவன் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுல ஒண்ணுமே பாக்க வேண்டீதில்லீங்க மாப்ள. சின்ன மாப்ள எல்லாம் பாத்துக்கறாங்க. நீங்க எதுக்கு இன்னமும் கையெல்லாம் கரியாக்கிக்கோணும்? வந்தா ராசாவாட்ட உக்காந்து காப்பி குடிங்க."

பிரியமாகத்தான் சொன்னார். தமிழ்செல்வனுக்கு அது, உன் வேலை முடிந்தது, எழுந்து போ என்று கேட்டது. ஊற்றியதைச் சொல்லாமலே உள்ளே போனான். காப்பியைக் குடித்தான். கசந்தது. பாட்டிலைப் பைக்குள் மறைத்துக்கொண்டு, துணியைக் காணாமல் கொஞ்சம் தேடிவிட்டு, ஊருக்குத் திரும்பினான்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் ஃபோன் அடித்தது. கம்பெனியில் ஒரு மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். திரையில் "மாமா" என்று பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டான்.

"மாப்ள, வண்டி வெள்ளப் பொகையாக் கக்குதுங்க. இழுக்கவே மாட்டீங்குது. அடியில எண்ணை ஒழுகுது. உங்கத்தை சேலையெல்லாம் எண்ணை. நடுரோட்டுல நிக்கறோமுங்க."

பின்னாலிருந்து தெய்வாத்தாளின் குரல் கேட்டது: "பெரிய மாப்ளைய வரச் சொல்லுங்க. அவிய கண்ணுக்குத்தான் புடிபடும்."

"சின்ன மாப்ள ஆசையா வாங்கிக் குடுத்ததுங்க. அவியகிட்டச் சொன்னா மனசு சங்கடப்படுவாங்க. நீங்க வந்து ஒருக்காப் பாத்துருங்க மாப்ள" என்றார் ஆறுச்சாமி.

எத்தனை மாதம் இந்த ஃபோனுக்காகக் காத்திருந்தான்! முதலில் நெஞ்சு குளிர்ந்தது. மறுநிமிடமே, வெள்ளைப் புகை, எண்ணெய் ஒழுகல் என்ற சொற்கள் உள்ளே இறங்கின. எண்ணெய் குறைந்த எஞ்சின் புகை கக்காது, கூடிப்போன எஞ்சின்தான் கக்கும். அது மெக்கானிக்குக்குத் தெரியும்.  கவிழ்த்த மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினான்.

அவன் போய்ச் சேர்வதற்குள் வண்டியை ஒரு குட்டியானை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். பெரியவர்கள் இருவரும் பஸ் பிடித்து மண்டபத்துக்குப் போனபோது தட்டு மாற்றி முடித்துவிட்டிருந்தார்கள். பெரியப்பா நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவர் நின்றிருக்கிறார். ஆறுச்சாமி முகம் வாடி வாசலில் உட்கார்ந்திருந்தார். தெய்வாத்தாள் பட்டுச்சேலையின் ஓரத்தில் பவுடரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கவினின் கார் ஏற்கெனவே வந்து நின்றது. மண்டபத்தில் விஷயம் கேள்விப்பட்டு, அவன்தான் இருவரையும், நிச்சயத்துக்கு வந்திருந்த அனுப்பிரியாவையும் கூட்டி வந்திருக்கிறான்.

"வாங்ணா, உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தனுங்க" என்றான் கவின். "நான் நிமுத்திப் புடிச்சுக்கறேன். நீங்க பாருங்க."

ஏறி உட்கார்ந்து, இரு காலையும் ஊன்றி, வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்தான். தமிழ்செல்வன் குனிந்தான். கண்ணாடி இருப்பது கால் வைக்கும் இடத்துக்கு அருகே. பார்க்க வேண்டுமென்றால் கவினின் ஷூவுக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோக வேண்டும். பார்க்கிற உரிமை திரும்பக் கிடைத்துவிட்டது. அது சின்ன மாப்பிள்ளையின் காலடியில் கிடந்தது.

கண்ணாடி முழுக்க எண்ணெய். கோடே தெரியவில்லை. "சித்த சாய்ங்க தம்பி" என்றான். கவின் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்தான். எண்ணெய் சரசரவென்று இறங்கிக் கண்ணாடி பாதிக்கு மேல் காலியானது. மறுபடி நிமிர்த்தினான். நிறைந்தது. தமிழ்செல்வனுக்கு அன்று கேட்காமல் விட்ட பாதி வாக்கியம் என்னவென்று இப்போது முழுசாகப் புரிந்தது.

தலை நிமிர்த்தாமல் வேலையைச் செய்தான். அடியில் தட்டை வைத்து டிரெயின் போல்ட்டை இரண்டு திருகு தளர்த்தினான். எண்ணெய் நூலாக இறங்கியது. இறுக்கினான், பார்த்தான், மறுபடி தளர்த்தினான். எண்ணெய் இரண்டு கோட்டுக்கு நடுவில் வந்து நிற்கும்வரை கவின் வண்டியை இம்மியும் அசைக்காமல் பிடித்திருந்தான். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் புகுந்திருந்த எண்ணெயையும் துடைத்து எடுத்தாயிற்று. கவின் குனிந்து கால் வைக்கும் கம்பிக்குப் பின்னால் விரலை விட்டான். அங்கே செருகிக்கொண்டிருந்த ஒரு துணி கையோடு வந்தது. பச்சையும் மஞ்சளும் பட்டை.

மெர்ச்சண்டைசருக்குத் துணியைப் பார்த்தால் போதும். எந்தக் கம்பெனி ஆர்டர் என்று சொல்லிவிடுவான். கவின் துணியைப் பார்த்தான், தமிழ்செல்வனைப் பார்த்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வண்டியைக் கிளப்பினார்கள். புகை கொஞ்ச நேரம் வந்து, மெலிந்து, நின்றுபோனது. ஆறுச்சாமி எழுந்து வந்தார்.

"என்னுங்க மாப்ள ஆச்சு?"

"ஆயிலு அளவுக்கு மேல இருந்துச்சுங்க மாமா" என்றான் தமிழ்செல்வன்.

"அந்த சர்வீசுக்காரன் நம்பரக் குடுங்க. நாலு கேள்வி கேக்கோணும். என்ற மானமே போச்சு மண்டபத்துல!"

"அவங்க மேல தப்பில்லீங்க மாமா" என்றான் கவின். "நாந்தானுங்க. தூரமாப் போறீங்களேன்னு, கொஞ்சம் சேத்தி ஊத்தச் சொல்லீட்டன். தெரியாமப் பண்ணீட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க."

ஆறுச்சாமியின் கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. "போச்சாது போங்க, நல்லதுன்னு நெனச்சுத்தான பண்ணுனீங்க" என்றார். தெய்வாத்தாள் கவினின் முகத்தையே பார்த்து உருகினாள்.

தப்பித்தோம் என்று வேறொருவன் மூச்சு விட்டிருப்பான். தமிழ்செல்வனுக்கு வயிறு அன்று எரிந்ததுபோல் என்றும் எரிந்ததில்லை. காரும் அவனுக்கே, முடியும் அவனுக்கே, வண்டி கொடுத்த பேரும் அவனுக்கே. கடைசியில் தான் செய்த தப்பையும் எடுத்துக்கொண்டு, அதற்கும் நல்லபேர் வாங்கிவிட்டானே! இதை மட்டும் விடக் கூடாது. இது தன்னுடையது.

"அவுரு சொல்றது பொய்யுங்க மாமா!" என்று எழுந்தான். "நாந்தான் ஊத்துனேன். போன ஞாயித்துக்கெழம, நீங்க தூங்கீட்டு இருந்தப்ப. சாச்சு வெச்சுப் பாத்து, காலின்னு நெனச்சு ஊத்தீட்டன்."

ஆறுச்சாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். "நீங்களா? இத்தன வருசம் ஒரு சொட்டு கூடக்கொறைய ஊத்தாத ஆளு, சாச்சு வெச்சுப் பாத்தீங்களா? ஆருகிட்டச் சொல்றீங்க?"

"நெசமுங்க மாமா! அனு, நீயே சொல்லு."

கொல்லைப் பக்கமிருந்து வந்த அனுப்பிரியா, "நான் சமையக்கட்டுல இருந்தனுங்கப்பா. எனக்கென்ன தெரியும்?" என்றாள். பாட்டிலைப் பார்த்தவள்தான்.

"தம்பி, அந்தத் துணிய எடுத்துக் காட்டுங்க!"

"எந்தத் துணிங்ணா?" என்றான் கவின். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஆறுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. மண்டபத்தில் போன மானமெல்லாம் வாசலில் திரும்பி வந்துவிட்டதுபோல் நிமிர்ந்தார். "பாத்தியா தெய்வாத்தா? ரெண்டு மாப்ளைகளும் ஒருத்தர ஒருத்தரு உட்டுக் குடுக்க மாட்டீங்கறாங்க பாரு! பழிய நான் எடுத்துக்கறேன் நான் எடுத்துக்கறேன்னு அடிச்சுக்கறாங்க. எந்த ஊட்ல இருக்குது இப்புடி? இனிமே வண்டியப் பாக்கோணும்னா ரெண்டு பேரத்தையும் சேத்தியே கூப்புட்டுர்றனுங்க மாப்ள. ஒருத்தரு புடிங்க, ஒருத்தரு பாருங்க."

விட்டுக்கொடுக்கவில்லை என்பது மெய்தான். தமிழ்செல்வன் எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை மட்டும் அவருக்கு விளக்க யாராலும் முடியாது. உள்ளதை உள்ளபடி சொல்லியும் நம்ப ஆளில்லாமல், புகழை வாங்கிக்கொண்டு மரம்போல நின்றான். தனியாக அவனுக்கு மட்டும் வரும் அந்த ஃபோன் இனி ஒருநாளும் வராது.

தண்ணீர்த் தொட்டிக்குப் போனான். பின்னாலேயே கவின் வந்தான். இருவர் கையிலும் எண்ணெய். சோப்பு ஒன்றுதான் இருந்தது. இதிலாவது நாம் பெரிய மனிதனாக இருப்போம், அவனை முதலில் கழுவச் சொல்வோம் என்று தமிழ்செல்வன் சோப்பை எடுக்கக் கை நீட்டினான். அதற்குள் கவின் அதை எடுத்து அவனிடம் நீட்டியிருந்தான்.

"மொதல்ல நீங்க கழுவுங்ணா" என்றான்.

அதிலும் அவனே முந்திக்கொண்டான்.